மூன்றாவது கட்டுரை

ரஸீன் சேருக்கு அக்குறணையில் வீடு, கண்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் உத்தியோகம். கலைப்பிரிவின் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு இணையத் தரவுத்தளங்களில் ஆய்வுக் கட்டுரை தேடக் கற்றுக்கொடுப்பவர். படிப்பிப்பதில் குறை சொல்ல முடியாது. ஆளைப் பிடித்துக் கவிழ்ப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

வருடா வருடம் கடைசி வகுப்பில் பலகையில் நான்கு கட்டுரைகளின் விவரத்தை எழுதுவார்; பிள்ளைகள் அவற்றைத் தேடிப் பிடித்து உசாத்துணைப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கட்டுரை உலகத்திலேயே இல்லாதது. ஆசிரியர் பெயரிலிருந்து பக்க எண் வரை அவருடைய சொந்தக் கற்பனை. தேடிப் பார்க்காமல் அதை உசாத்துணைப் பட்டியலில் சேர்த்தவருக்குப் பூச்சியம். பதினொரு வருடமாக இந்தப் பொறியை நினைத்துத் தனியே சிரித்துக்கொள்ளும் மனிதர் அவர்.

விடுதியில் இது எல்லோருக்கும் தெரியும். "மூணாவத தொடாதீங்க" என்று மேல்வகுப்பு மாணவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். கலாராணி விடுதியில் இல்லை. கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் பூச்சியம்.

சித்தியடைந்தால்தான் அடுத்த மாதம் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். விட்டால் இனி எப்போது கூப்பிடுவார்களோ. அவள் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தேடினேன் சேர். அஞ்சு நாளா தேடினேன், கெடைக்கல. நீங்க எழுதிப் போட்டது இல்லாம இருக்குமா? எனக்குத்தான் தேடத் தெரியலன்னு நெனச்சு பட்டியல்ல சேத்துட்டேன்."

"எல்லாரும் இதத்தான் செல்லுற. பதிவப் பாப்பம்."

பொய்யைக் கையோடு பிடித்துவிடும் ஆசையில் கணினியில் தேடல் பதிவைத் திறந்தார். கலாராணியின் பெயரில் அறுபத்து மூன்று தேடல்கள். ஆசிரியர் பெயரை மாற்றி, ஆண்டை மாற்றி, தலைப்பைத் துண்டு துண்டாக்கி, அவர் படிப்பித்த அத்தனை வழியிலும் தேடியிருந்தாள். மற்ற நாற்பத்தொரு பேரும் அந்தக் கட்டுரையை ஒரு தடவைகூடத் தேடவில்லை.

மூன்றாவது பொய் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ரஸீனுக்கு முகம் சுட்டது. இதை வெளியே சொன்னால் முழு வகுப்பின் புள்ளிகளும் ஆட்டம் காணும். அவருடைய பொறி எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளின் பகிடி என்று ஊரே சிரிக்கும். ஒரு பெண்ணின் பிழைப்பு அவருக்கு அதைவிட மலிவாகப் பட்டது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்கட பேர்ல ஒரு தேடலும் இல்லயே, புள்ள."

சேர் பொய் சொல்லுவார் என்று கலாராணிக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நான் லொகின் பண்ணினதே பிழையா இருக்கும் சேர்," என்றாள். "மன்னிச்சிக்கங்க. ஒங்க நேரத்த வீணாக்கிட்டேன்."