உமிப் புகையும் என் பங்கும்

நெல் சாகுபடி பற்றி வீடியோ போடுகிறவள் நான். நீடாமங்கலம் பக்கம் சொந்த வயல்; டெல்டா முழுக்க என் சேனலைப் பார்க்கிறவர்கள் உண்டு. பூச்சிமருந்து விளம்பரத்துக்கு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய பாய் ஒருவரும் விளம்பரம் கேட்டுத்தான் வந்தார். டிராக்டரில் இழுத்துப் போகிற மாதிரி நெல் உலர்த்தும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். ஓட்டிக் காட்டினார். எனக்கு ஆசை வந்துவிட்டது.

"விளம்பரமெல்லாம் வேணாம் பாய். என்னையும் பங்குக்குச் சேத்துக்குங்க" என்றேன். மாடி கட்ட வைத்திருந்த பணத்தை அப்படியே போட்டேன். வீட்டுக்காரர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

எனக்குப் பங்கு இருப்பதைச் சேனலில் மறைக்காமல் சொன்னேன். கிழி கிழியென்று கிழித்தார்கள். "அக்காவும் வெலை போயிட்டாங்க" என்று ஒருவர் எழுதியது நெஞ்சில் தைத்தது. இயந்திரம் சொதப்பினால் பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும், அப்புறம் என் பேச்சை யார் நம்புவார்கள்?

தை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். ரோட்டோரமெல்லாம் தார்ப்பாய் மூடிய குவியல்கள். இதுதான் நேரமென்று என் நெல்லையே கொட்டி, நேரலையும் போட்டேன். பாய் அடுப்பைப் பற்றவைத்தார். புகை வந்தது. புகை மட்டும்தான் வந்தது.

அதற்கு எரிபொருள் உமி. இயந்திரத்தைப் பொத்திப் பொத்தி மூடியவர்கள், உமியை மழையில் விட்டிருந்தோம். எங்கள் பக்கம் உமியை யார் மூடி வைக்கிறார்கள்? அது பாட்டுக்கு ரைஸ்மில் பின்னால் குவிந்து கிடக்கும்.

"கேமராவ நிறுத்துங்க தங்கச்சி, மானம் போவுது" என்றார் பாய்.

எனக்கு வந்ததே கோபம், அவர்மேல் அல்ல, என்மேல். நிறுத்தவில்லை. இருமிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "உமிய நனைய விட்டுட்டோங்க. மடத்தனம்தான். பக்கத்துல யாருகிட்டயாவது காஞ்ச உமி இருக்கா?"

கமெண்டில் சிரிப்புப் பொம்மைகளாக வந்து கொட்டின. நடுவே ஒரு மில்காரர், எந்த இடம் என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கமிருந்து இன்னொருவரும் கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ உமி மூட்டைகளோடு வந்து நின்றது. டிரைவர் மூட்டையை இறக்குமுன் கேமராவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்.

காய்ந்த உமியைப் போட்டதும் அடுப்பு சீறியது. சாயங்காலம் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் என் நெல்லைப் போட்டுப் பார்த்த எழுத்தர், "எறக்குங்கம்மா, எடுத்துக்கலாம்" என்றார். அழுதுவிட்டேன். பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மழை விடும்வரை இயந்திரம் ஊர் ஊராக ஓடியது. நேரலையைப் பார்த்தவர்கள் இப்போது வேறு மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். "அடுத்த மெஷின்ல எங்க பணத்தையும் சேத்துக்குங்கக்கா."

என் பேச்சை நம்பினால் போதும் என்றுதான் இருந்தேன். அடுத்த போகத்துக்கு இரண்டாவது இயந்திரம் களத்தில் இறங்கியது. அதன் பங்குதாரர்கள் அத்தனை பேரும், அன்று நாங்கள் புகையில் நின்று இருமியதைப் பார்த்தவர்கள்.