நல்ல தண்ணித் தொட்டியில் உப்பு

திண்டிவனத்தில் ஒரு வீட்டில் இரண்டாவது முறையாகப் பால் திரிந்த அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"மேடம், தண்ணி லைன் செக் பண்றவங்க நீங்கதானே? ஜல்தி வர முடியுங்களா? வூட்ல சண்ட நிக்கணும்" என்றார் போனில் பேசியவர். சவரிமுத்து என்று பெயர் சொன்னார்.

கசிவை நிறுத்த என்னைக் கூப்பிடுவார்கள். சண்டையை நிறுத்தக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிளம்பி விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

1. என் வேலை

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். விழுப்புரத்தில் ஒரு பில்டரிடம் சேர்ந்தேன். கட்டி முடித்த வீட்டைச் சாவி கொடுப்பதற்கு முன் குழாய் வேலையைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. முதல் நாளே முதலாளி எனக்குப் பாடம் எடுத்தார்.

"தொறந்தா வரணும், மூடுனா நிக்கணும். அவ்ளோதாம்மா பிளம்பிங்."

அந்த மாதமே ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. திறந்தால் வருகிறது, மூடினால் நிற்கிறது. ஆனால் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கில் வெந்நீர் வருகிறது.

"மேடம், உக்காந்தா ஆவி புடிக்கிற மாரி இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

முதலாளி நம்பவில்லை. நேரில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார். கீசருக்குப் போகிற பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு போடாமல் விட்டிருந்தார்கள். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்ன வால்வு அது. அது இல்லாததால் கீசரில் சுட்ட தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு நான் தனியாக இதே வேலையைச் செய்ய ஆரம்பித்தேன்.

2. பூட்டுப் போட்ட தொட்டி

சவரிமுத்துவின் வீடு மாடி வீடு. கீழே அவரும் அவர் மனைவி ஆரோக்கியமேரியும் மகள் ஜெனியும் இருந்தார்கள். மாடியில் தம்பி மனைவி விமலா. தம்பிக்கு வெளிநாட்டில் வேலை.

ஜெனிக்குக் கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று டீயில் பால் திரிதிரியாக மிதந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பால் திரிந்ததில் எல்லார் முகமும் மாறிவிட்டது. அப்புறம் பேச்சே இல்லை. இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இன்னொரு தடவை வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சரி, பார்ப்போம் என்று, என்னைக் கூப்பிட்ட அன்று காலையில் டீ போட்டால் மறுபடியும் திரிந்துவிட்டது.

தண்ணீரில் உப்பு இருந்தால் பால் திரியும். இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் இரண்டு தண்ணீர். குளிக்கத் துவைக்க போர் தண்ணீர், அது உப்பு. குடிக்க, சமைக்க நகராட்சித் தண்ணீர், அது நல்ல தண்ணீர். இரண்டுக்கும் மொட்டைமாடியில் தனித்தனித் தொட்டி.

"இவதான் நல்ல தண்ணித் தொட்டில உப்புத் தண்ணிய ஊத்துறா" என்றார் ஆரோக்கியமேரி, மாடியைப் பார்த்துக் கையைக் காட்டி. "எம் பொண்ணு நல்லா இருக்கறது புடிக்கல."

விமலா படிக்கட்டில் நின்றிருந்தாள். கையில் ஒரு பை இருந்தது. மத்தியானப் பஸ்ஸில் கெடாரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாளாம். திரும்பி வருவதாக இல்லை என்று சவரிமுத்து என் காதருகே சொன்னார்.

"கேன் தண்ணில டீ போட்டு ஒப்பேத்திடலாம்னு சொன்னேன் மேடம். இவ கேக்க மாட்றா. ரொம்ப பேஜாரா இருக்குது."

"ஒப்பேத்திட்டா ஆச்சா? எவ கலக்கறான்னு தெரியாம நான் எப்டி நிம்மதியா தூங்கறது?" என்றார் ஆரோக்கியமேரி.

மொட்டைமாடிக்கு ஏறினோம். நல்ல தண்ணீர்த் தொட்டி தரையோடு இருந்தது. அதன் மூடிக்கு ஆரோக்கியமேரி ஒரு பூட்டுப் போட்டிருந்தார்.

"பூட்டு போட்டப்புறமும் உப்பாத்தான் வருதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அப்ப யாரு ஊத்த முடியும்?"

"கள்ளச்சாவி போட்டிருப்பா."

அந்த அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கீழே நின்ற விமலாவுக்கு அது கேட்டிருக்கும். "எனக்கும் அதே தொட்டித் தண்ணிதானே வருது? நானும் உப்பத்தானே குடிக்கிறேன்?" என்று அவள் சொன்னது மேலே எங்களுக்குக் கேட்டது.

3. மோட்டார் போடாமல் ஏறும் தண்ணீர்

இந்த மாதிரி வீட்டில் நான் கீழிருந்து மேலே போவேன். முதலில் நகராட்சித் தண்ணீர் வந்து விழுகிற சம்ப் என்ற தரையடித் தொட்டியைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். நன்றாக இருந்தது. சம்ப் சுவரில் விரிசல் இல்லை, வெளித் தண்ணீர் உள்ளே வரவில்லை. மேலே பூட்டைத் திறக்கச் சொல்லி நல்ல தண்ணீர்த் தொட்டித் தண்ணீரையும் குடித்துப் பார்த்தேன். வாயில் கரித்தது. உப்பின் அளவு காட்டும் மீட்டரையும் முக்கிப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

வழக்கமான குறைகள் அங்கேயும் இருந்தன. ஓவர்ஃப்ளோ பைப்புக்கு வலை இல்லை, பல்லி நுழையலாம். பைப்புகளை இணைக்கும் ஒரு யூனியனில் சொட்டு. கேட் வால்வு ஒன்று துருப்பிடித்து முழுதாக மூடவில்லை. எதுவும் உப்புக்குக் காரணம் இல்லை.

கடைசியில் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னேன். மோட்டாரையும் யாரும் போடக் கூடாது என்றேன். தொட்டியின் உள்சுவரில், தண்ணீர் நிற்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வெயிலில் காத்திருந்தேன். கசிவு இருந்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கும்.

இறங்கவில்லை. கோடு முழுகியது.

ஊற்றுவதற்கு ஆள் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறுகிறது. நிமிர்ந்து உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அது செங்கல் மேடைமேல் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர், வீட்டுக்குள் எங்கேயோ இரண்டு பைப்பும் சேருகிற இடத்தில் தாண்டி, நல்ல தண்ணீர் பைப் வழியாகவே இந்தத் தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் மாடி வீட்டைப் பார்த்தேன். நானும் விமலா பக்கம்தான் ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். அங்கே எல்லாம் சாதாரணக் குழாய்கள். இரண்டு தண்ணீரும் எங்கேயும் சேரவில்லை.

கீழே ஆரோக்கியமேரியின் சமையலறைக்குப் போனேன். சிங்க்கின்மேல் பளபளவென்று ஒரு புது மிக்ஸர் குழாய். இரண்டு கைப்பிடி, நடுவில் பாத்திரம் கழுவ ஒரு கை ஸ்ப்ரே.

"இது எப்ப போட்டீங்க?"

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு கிச்சன ரெடி பண்ணப்ப. ஒரு பக்கம் நல்ல தண்ணி, ஒரு பக்கம் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சன்னமா வருது, அதனால பாத்தரம் கழுவறப்ப ரெண்டையும் தெறந்துவுட்டுடுவேன். வேகமா வரும்."

"எப்டி நிறுத்துவீங்க?"

ஸ்ப்ரேயின் விசையை விட்டுக் காட்டினார். தண்ணீர் நின்றது. மேலே இரண்டு கைப்பிடியும் திறந்தே இருந்தன.

"அதான் நின்னுட்டுதே, எல்லாக் குழாயும் மூடியாச்சே" என்றார்.

"வெளியே வர்றதுதாங்க நின்னுச்சு. உள்ள ரெண்டு பைப்பும் ஒண்ணாத்தான் இருக்குது. உப்புத் தண்ணி இதுக்குள்ளயே பூந்து நல்ல தண்ணித் தொட்டிக்கு ஏறிக்கினு இருக்குது."

அவர் சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"மேடம், வால்வு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"சொல்லலாங்க. ஆனா அதையும் விமலாதான் கெடுத்தாங்கன்னு ஆயிடும். அவங்க அந்தப் பழியோடவே பஸ் ஏறிடுவாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குடும்ப விஷயத்தில் வாய் வைப்பது என் பழக்கம் இல்லை. இந்த அம்மா என்னை வெளியே போகச் சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வாசலுக்குப் போனார். விமலா பையுடன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"விமலா, பைய வெச்சுட்டு வா. தொட்டி கழுவணும்."

"நான் எதுக்குக்கா? நான்தான் உப்பு ஊத்துறவளாச்சே."

"ஊத்துனது நான்தான். எங் கொழாயிலிருந்துதான் ஏறுது. வந்து உங் கண்ணால பாரு."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

விமலா உள்ளே வந்தாள். இரண்டு கைப்பிடியையும் திறந்தாள், மூடினாள், ஸ்ப்ரேயை அழுத்தினாள். நான் மறுபடியும் விளக்கினேன். அவள் முகம் இறுகியே இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இந்தக் கொழாய போன்ல பாத்து, அழகா இருக்குதுக்கா, வாங்குங்கன்னு சொன்னதே நான்தானே."

முதலில் ஜெனி சிரித்தாள். ஆரோக்கியமேரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையோடு அழுதும் விட்டார். விமலா பையை அந்தச் சமையலறை மேடையிலேயே வைத்துவிட்டு, "தொடப்பம் எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

மிக்ஸரைக் கழற்றி இரண்டு தனிக் குழாய்கள் போட உள்ளூர் பிளம்பரிடம் சொன்னேன். இரண்டு தண்ணீர் இருக்கிற வீட்டில் அவற்றைச் சேர்க்கிற குழாய் வேண்டாம். வேண்டும் என்றால் இரண்டு பைப்பிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இதை யாருக்காவது சொல்கிறேன்.

அந்த வீடு என் வேலையையும் மாற்றியது. முன்பெல்லாம் வாசலில் நுழைந்ததும் "என்ன பிரச்சினை?" என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் ஆள்களைக் கைகாட்டுகிறார்கள். இப்போது, "வீட்டுக்குப் புதுசா என்ன வாங்குனீங்க?" என்று கேட்கிறேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை விமலா போன் செய்தாள்.

"அக்கா, தேதி குறிச்சிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடிச்சாங்க."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"டீ போட்டது நான்க்கா. ஆரோக்கியமேரி அக்காதான் என்னையப் போடச் சொன்னாங்க."