செத்த காலேஜுக்கு முப்பது கையெழுத்து

எட்டாம் வகுப்பில் எனக்கு வாய் ஜாஸ்தி. தெரிந்ததைச் சொல்வதோடு நிற்காமல் அரைகுறையாகத் தெரிந்ததையும் அளப்பேன். அந்த வாயால்தான் எங்கள் வகுப்பின் மெட்ராஸ் பயணம் கெடப் பார்த்தது.

ஒரு திங்கட்கிழமை அறிவியல் டீச்சர், சனிக்கிழமை எங்களை மெட்ராஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். கூரையிலிருந்து தொங்கும் திமிங்கல எலும்புக்கூடு, ஜாடிக்குள் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி என்று அவர் சொல்லச் சொல்ல வகுப்பே வாயைப் பிளந்தது. நான் அன்றைக்கே மனசால் பஸ் ஏறிவிட்டேன். ஆனால் வியாழக்கிழமைக்குள் வீட்டில் கையெழுத்து வாங்கிய முப்பது கடிதங்கள் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பஸ் கிடையாது என்று பெரிய டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தாராம். வகுப்பில் இருந்ததே முப்பது பேர்தான்.

இடைவேளையில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க மாமா மெட்ராஸ்லதான் இருக்காரு. அங்கல்லாம் மியூசியம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. செத்த காலேஜ்னுதான் சொல்லுவாங்க" என்றேன்.

மிருகங்கள் உயிரோடு இருக்கும் இடம் உயிர் காலேஜ், செத்ததைப் பாடம் பண்ணி வைத்திருக்கும் இடம் செத்த காலேஜ் என்று மாமா விளக்கமாகவே சொல்லியிருந்தார். நான் விளக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொன்னேன். பெயரில்தானே பந்தா இருந்தது!

மறுநாள் கடிதங்கள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தன. பிணத்தை அறுத்துப் பார்க்கும் இடம் என்று ஒரு வீட்டில் பேச்சு. போய்வந்தால் பேய் பிடிக்கும் என்று இன்னொரு வீட்டில். ஓர் அப்பா பள்ளிக்கூட வாசலிலேயே சத்தம் போட்டார். "யாரு இத கெளப்பி விட்டது?" என்று டீச்சர் கேட்டபோது நான் குனிந்து நோட்டுக்கு அட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

டீச்சர் வீடு வீடாகப் போய்ப் பேசுவது என்று முடிவு செய்தார். ஊரில் எல்லோர் வீடும் தெரிந்தவள் என்று வழிகாட்ட என்னையே அழைத்தார்! இரண்டு சாயங்காலம் மாட வீதிகளைச் சுற்றினோம். அவர் தொண்டை கட்டும்வரை பேசினார். நான் பக்கத்தில் நல்ல பிள்ளையாக நின்றேன். பாத்திரக்கடை பாய் மட்டும் சிரித்தார். "செத்தது கடிக்குமா டீச்சர்? தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்று மகளின் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைக் காட்டியே மற்றவர்களையும் டீச்சர் மடக்கினார்.

புதன்கிழமை இருட்டும்போது இருபத்தொன்பது சேர்ந்திருந்தது. மிச்சம் எங்கள் வீடு.

அம்மா டீச்சருக்குக் காபி கொடுத்தாள். கடிதத்தைத் தொடவில்லை.

"கோச்சிக்காதீங்க டீச்சர். அடுத்த வாரம் பெரியவளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டாச்சு. இனிமே சாவு வூட்டுக்கே போவக் கூடாது. செத்த காலேஜுக்கு எப்படிங்க அனுப்பறது?"

"அய்யோ, அது வெறும் பேரும்மா!" என்று கத்தினேன்.

"வெறும் பேருன்னா வேற நல்ல பேரா வெச்சிருக்க வேண்டிதானேடி?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. டீச்சர் காபியைக் குடித்துவிட்டு, வாசலில் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவரும் தோற்றுப்போனார் என்று எனக்குப் புரிந்தது. அழுதழுது கண் வீங்கியது. நான் போக முடியாது என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். என் வாயால் இருபத்தொன்பது பேரும் போகாமல் நிற்கப்போகிறார்கள் என்பதைத் தாங்கவே முடியவில்லை.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். வியாழக்கிழமை காலை, பிரேயர் மணிக்கு முன்பு, காலி வகுப்பில் உட்கார்ந்து பேனா மையைக் கட்டைவிரலில் தடவிக் கடிதத்தில் அழுத்தினேன். விரலை எடுக்கும்போது ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

டீச்சர் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். என் விரலையும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கடிதத்தை மற்ற இருபத்தொன்பதோடு அடுக்கி நூலால் கட்டினார்.

"சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல். புரியுதா?" என்றார்.

"சரிங்க டீச்சர்."

சனிக்கிழமை விடியும் முன்பே விழித்துக்கொண்டேன். பஸ் எங்கள் தெரு முனையைத் தாண்டும் சத்தமும் அதற்குள் எங்கள் வகுப்புப் பெண்கள் கத்தும் சத்தமும் கேட்டன. பாயில் படுத்தபடியே கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் வைத்துப் பார்த்தேன். உடம்பு சில்லென்று இருந்தது.