வயிறு இல்லாத கித்தார்

சின்ன மாமா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்ததும் பாசம் என்றுதான் நினைத்தேன். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் துணைக்கு வரவில்லை. வழி திறக்கும் சாவியாக வந்திருக்கிறேன்.

"மரம் போட்டுருக்கிற எடத்துலல்லாம் நீ வயித்தப் புடிச்சிக்கினு மொனவணும் மாப்ள. ஆஸ்பத்திரிக்குப் போறோம்னா வுட்ருவாங்க. சிரிச்சன்னு வெச்சிக்க, ரெண்டு பேருக்கும் ஒத."

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு புளியமரம் குறுக்கே படுத்திருந்தது. பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இரண்டாவது காரணத்தால் எனக்கு அந்தப் போராட்டத்தின்மீது ஆழ்ந்த பற்று உண்டாகியிருந்தது.

மாமாவின் அவசரம் வேறு. மெல்லிசைக் குழு ஒன்றில் அவர் கித்தார் வாசித்துவந்தார். கித்தார் இரவல், கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான். ரிஷிவந்தியத்துக் கல்யாணக் கச்சேரிக்குச் சொந்தக் கித்தாரோடு வராவிட்டால் சேலத்துப் பையன் ஒருவனைப் போட்டுக்கொள்வதாகக் குழுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு ரிடையர்டு ரயில்வே கார்டு, தன் பழைய எலெக்ட்ரிக் கித்தாரை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போகப்போகிறார் என்று தகவல். மறியல் முடியும்வரை மாமாவால் பொறுக்க முடியவில்லை. முந்தின ராத்திரி முழுக்க அவர் விரல்கள் போர்வைமேல் வாசித்துக்கொண்டே இருந்தன.

முதல் மரத்திலேயே என் நடிப்புக்குச் சோதனை வந்தது. அடிமரத்தின்மேல் கோடாலியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டையின்மேல் கறுப்புப் பூச்சு. அதில் வெள்ளை எழுத்தில் அரசாங்கம் போட்ட நம்பர். நான் முனகினேன். கோடாலிக்காரர் இறங்கிவந்து என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"பச்சப் புள்ள இப்பிடித் துடிக்குது, இன்னாய்யா வேடிக்க பாத்துக்கினு இருக்கீங்க? தூக்குங்க சைக்கிள."

நாலு பேர் என்னோடு சேர்த்துச் சைக்கிளைத் தூக்கி, சாமி புறப்பாடுபோல மரத்தைத் தாண்டவைத்தார்கள். தூக்கியவர்களில் ஒருவன் மாமாவிடம் பெருமையாகச் சொன்னான்: "வருஷா வருஷம் இந்த மரத்துப் புளிய ஏலம் எடுக்குறது அண்ணந்தான். இன்னிக்கு அவரே மொத வெட்டு வெட்டிட்டாரு." ஏலம் எடுத்தவர் மரம், அவர் வெட்டுகிறார், இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் கவலையெல்லாம் வயிற்றைப் பற்றி. பயத்தில் அது உண்மையாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது.

கார்டு வீட்டில் கித்தார் கட்டில்மேல் கிடந்தது. சிவப்பு நிறம், ஓரமெல்லாம் தேய்ந்து மரம் தெரிந்தது. கித்தார் என்றால் நடுவில் ஓட்டையும் உள்ளே காலி வயிறும் இருக்கும் என்பது நான் அறிந்தது. இதில் ஓட்டையும் இல்லை, வயிறும் இல்லை. ஒரே கட்டை. கம்பிக்குக் கீழே இரண்டு காந்தப் பட்டை.

"கரண்டு வந்தா போட்டுக் காட்டுவேன்," என்றார் கார்டு. "மரம் லைன்மேல சாய்ஞ்சி, நேத்துலேர்ந்து இல்ல."

மாமா விடவில்லை. ஒரு கண்ணை மூடித் தச்சுவேலைக்காரர்போலக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அதன் குறுக்கே பதித்திருந்த தேய்ந்த உலோகக் கட்டைகளை நகத்தால் தடவினார். கம்பியை இறுக்கும் முறுக்காணிகளைத் திருகினார். அப்புறம் கித்தாரின் உடம்பில் கொம்புபோல நீண்டிருந்த முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கம்பியைத் தட்டினார். பசியில் மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் கார்டைப் பார்த்தேன். அவரோ டீ ஆற்றுவதில் கவனமாக இருந்தார்.

"நீயும் கடிடா."

கடித்தேன். மாமா தட்டியதும் என் மண்டைக்குள் கோயில் மணி அடித்தது. கொம்பை விட்டால் ஒன்றுமில்லை. ஈ பறக்கிற சத்தம். கடித்தால் மணி.

"கட்ட பாடுது," என்றார் மாமா. வியாபாரம் முடிந்தது.

கித்தாரைச் சாக்கில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு திரும்பினோம். முதலில் தாண்டிய அதே மரத்தின் அருகே வந்தபோது மாமா பேசிச் சமாளிக்க ஆரம்பித்தார். பையனுக்கு ஊசி போட்டாச்சு, இப்போ பரவாயில்லை. எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் சாய்ந்த கிளையில் புளியம்பிஞ்சு கொத்துக்கொத்தாக, என் வாய்க்கு நேராகத் தொங்கியது. நான் என்ன செய்ய? இரண்டு வாயில் போட்டேன், ஒரு கை நிறைய டவுசர் பையில் போட்டேன்.

கோடாலிக்காரர் பார்த்துவிட்டார்.

"வயித்துவலி புள்ளைக்குப் புளியம்பிஞ்சு கேக்குதா?"

மாமாவின் முகம் செத்துவிட்டது. கூட்டம் சூழ்ந்தது. மேற்கே கல்வராயன் மலையைக் காட்டி ஒருவன், "முதுவுல நீட்டா இன்னாடாது, மலைலேர்ந்து நாட்டுத் துப்பாக்கியா?" என்றான். சாக்கைப் பிரித்தார்கள். சிவப்பாகக் கித்தார் வெளியே வந்ததும் கோடாலிக்காரருக்கு வந்த கோபம், துப்பாக்கியாக இருந்திருந்தால்கூட வந்திருக்காது.

"எம் மவன் நல்ல மார்க்குடா. சீட்டு கெடைக்காம மாடு ஓட்டிக்கினு திரியறான். அதுக்குத்தான் ரோட்ல குந்திக்கினு இருக்கோம். உனுக்குப் பாட்டுப் பொட்டி வாங்க நோயாளி வேஷமா?"

"அண்ணே, கச்சேரிண்ணே... இது இல்லன்னா எனுக்குப் பொழப்பு இல்லண்ணே..."

"வாசி பாப்போம்."

மாமா வாசித்தார். ஈ பறந்தது. கூட்டம் சிரித்தது. "கட்டயச் செதுக்கிச் செவப்படிச்சி வித்துட்டான்யா! கட்டதான, மரத்தோட சேத்துக் குறுக்கப் போடு." ஒருவன் கித்தாரின் கழுத்தைப் பிடித்துவிட்டான்.

அப்போது நான் செய்ததை வீரம் என்று இத்தனை வருஷமாக வீட்டில் சொல்லிவருகிறேன். உண்மையில் அது டவுசர் நனைகிற தறுவாயில் வந்த அலறல். "கடிங்க! கடிச்சாதான் கேக்கும்!"

சிரிப்பு இரட்டித்தது. ஆனால் மாமாவுக்கு ஏதோ பொறி தட்டியது. கித்தாரைப் பிடுங்கி அதன் தலையை அடிமரத்தில் அழுத்தி ஊன்றினார். "அண்ணே, காத மரத்துல வெய்யுங்க. ஒரே ஒருவாட்டி."

கோடாலிக்காரர் சந்தேகத்தோடு குனிந்தார். மாமா வாசித்தார். அந்த வருஷம் டீக்கடைகளில் எல்லாம் ஓடிய ஒரு சோகப் பாட்டு. குனிந்தவர் நிமிரவில்லை. கையை மட்டும் உயர்த்தி மற்றவர்களை அழைத்தார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். அடிமரத்திலிருந்து கிளைவரை, தார்ச்சாலையில் மண்டியிட்டு, வேட்டி கட்டிய ஒரு பெரிய கூட்டம் வெட்டிய மரத்தில் காதை வைத்துக் கிடந்தது. பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் இன்னொரு மறியலுக்கு ஏற்பாடு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஜீப்பு! ஜீப்பு!" என்று தூரத்தில் எவனோ கத்தினான்.

கூட்டம் கலைந்த வேகத்தில் செருப்புகள் மட்டும் சாலையில் நின்றன. மாமா ஒரு கையில் கித்தாரும் மறு கையில் சைக்கிளுமாகக் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்தார். அந்தக் கித்தார் அந்தி சாய வீடு சேர்ந்தது, ரிஷிவந்தியத்தில் பாடியது, சேலத்துப் பையன் வேறு குழு தேடினான். அதெல்லாம் அப்புறம்.

கரும்புக்குள்ளிருந்து நான் எட்டிப் பார்த்தேன். சாலை காலி. கோடாலிக்காரர் மட்டும் அப்படியே இருந்தார். காது மரத்தில், ஒரு கை அந்த வெள்ளை நம்பரின்மேல் விரிந்து கிடந்தது.

"மாமா, பாட்டு முடிஞ்சிபோச்சின்னு அவருகிட்ட யாரும் சொல்லல," என்றேன்.

மாமா என் வாயைப் பொத்தினார். கம்பி நின்றுவிட்டது, கித்தாரும் இங்கே இருக்கிறது, இன்னும் எதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா கையை எடுத்ததும், பையில் மிச்சமிருந்த அந்த மரத்துப் பிஞ்சில் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.