மரகதம் கீரை போடாத மழைக்காலம்

மரகதம் இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு எங்கள் கல்லூரி அட்டெண்டர் கன்னியப்பன் திருமுல்லைவாயிலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மேடம், நம்ம ஜுவாலஜி மேடம் காலைல பூட்டாங்க. இன்னா பண்றதுன்னு தெரில, நேரா இங்க வந்துட்டேன்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவளைக் கல்நெஞ்சக்காரி என்றவர்கள் இனி மாலையோடு வருவார்கள்.

அவளோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்த ஐப்பசி மழை நினைவிருக்கும். கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட நட்சத்திர ஆமைகளை அதிகாரிகள் எங்கள் ஆய்வகத்தில் விட்டுப்போனார்கள். மரகதம் அவற்றுக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். கீரை மட்டும் போடவில்லை. பட்டினி போடுகிறாளே என்று ஸ்டாஃப் ரூமே திட்டியது.

"நமக்குச் சூடு உடம்புக்குள்ளயே இருக்கு. ஆமைக்கு வெளியில இருந்துதான் வரணும். சூடு இருந்தாத்தான் கீரை செரிக்கும், அதுக்கும் நாள்கணக்கா ஆகும். நடுவுல உடம்பு குளிர்ந்துட்டா தின்னது உள்ளேயே அழுகிடும். பட்டினின்னா வாரக்கணக்கா தாங்கும். இந்த மழையில கரண்டை நம்ப முடியாது. பாவம் பாக்குறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க" என்றாள்.

எங்கள் முதல்வர் இளகிய மனசுக்காரர். வினையே அதுதான். மரகதம் வகுப்பில் இருந்தபோது ஆய்வகத்துக்குப் போனார். பல்புச் சூட்டில் ஆமைகள் சுறுசுறுப்பாக நடப்பதைப் பார்த்து, முருங்கைக்கீரையும் வாழைப்பழமும் வாங்கிவரச் சொல்லித் தன் கையாலேயே போட்டார். அவை ஆசையாகத் தின்றன. அன்று மாலை போன கரண்ட் பல நாள் வரவில்லை. வயிறு உப்பி ஒவ்வொன்றாகச் செத்தன.

பட்டினியால்தான் செத்தன என்று முதல்வர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மரகதம் ஓர் ஆமையை அவர் எதிரிலேயே அறுத்தாள். குடல் நிறையக் கீரை, தின்றது தின்றபடியே செரிக்காமல் இருந்தது. நாற்றம் தாங்காமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவளுக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி அதன்பின் வரவே இல்லை. கல்நெஞ்சக்காரி என்ற பெயர் மட்டும் நிலைத்தது. ஆமையை அறுத்த அன்று ஆவடி பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் அழுததை நான் பார்த்தேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில், பார்க்க வந்தவர்களெல்லாம் "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் இட்லி கொண்டுபோயிருந்தேன். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. டப்பாவைத் திறக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீயாவது தொட்டுப் பாத்தியே" என்றாள்.

பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் எழுப்பிவிடும்வரை பிடித்திருந்தேன். சூடு ஏறவே இல்லை. அவளுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் குளிர் மட்டும்தான்.