திருப்பிக் கொடுத்த கோழி

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் அறுவடை ஏலம்.

கனடாவில், அதுவும் ஸ்காபரோவில் என்ன அறுவடை என்று கேட்காதீர்கள். பின்வளவில் ஆறடி நிலம் கிடைத்தால் போதும், நம்மவர்கள் புடலங்காயை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். கத்தரிக்காய், பச்சை மிளகாய், வீட்டுக்குள் தொட்டியில் வைத்து வளர்த்த முருங்கையின் இலை, கேக், ஒரு பெட்டி மாம்பழம்... யாரோ ஒரு புண்ணியவான் கடையில் வாங்கிய உறைந்த கோழியையும் வைத்திருந்தார். எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் படைத்து ஜெபம் செய்வோம். ஆராதனை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் ஏலம் தொடங்கும். சேரும் பணம் தேவாலயத்துக்கு.

நான் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து என் தோட்டத்துப் பூசணிக்காயோடு போயிருந்தேன். அதை வைத்துவிட்டு நிமிரும்போது வட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி வந்தது. அனுப்பியவர் பாஸ்டர் ஜோசப். உகண்டாவில் ஒரு சின்னக் கிராமத்துத் தேவாலயத்தின் போதகர்.

ஆராதனை முடிந்து, மண்டபம் ஒரே இரைச்சலாக இருந்த நேரம் பார்க்கிங் லொட்டுக்குப் போய்க் காருக்குள் இருந்து கேட்டேன். நாலு நிமிடச் செய்தி. கேட்காமலே இருந்திருக்கலாம்.

உங்களுக்கு ரூத்தை ஞாபகம் இருக்கிறதா? கோழி கொண்டுவந்த ரூத். போன வருடம் இதே பக்கத்தில் எழுதினேன். படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதினீர்கள். ஒரு வாசகி அந்தப் பத்தியை வெட்டித் தன் ஃபிரிட்ஜில் ஒட்டிப் படமும் எடுத்து அனுப்பியிருந்தார். அம்மா, தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக...

எங்கள் சபையிலிருந்து பதினொரு பேர் உகண்டாவுக்கு ஊழியப் பயணம் போனோம். எல்லோரும் ஒரே நிற ரீசேர்ட் அணிந்திருந்தோம். பாஸ்டர் ஜோசப்பின் தேவாலயத்துக்குக் கூரை போட்டுக் கொடுப்பதும், பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு எடுப்பதும்தான் வேலை. கூரையை அந்த ஊர்த் தச்சர்கள் போட்டார்கள். நாங்கள் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்தோம்.

ஞாயிறு ஆராதனையில் காணிக்கை நேரம் வந்தது. பணம் இல்லாதவர்கள் கையில் உள்ளதைக் கொண்டுவந்தார்கள். வாழைக்குலை, முட்டை, கரும்பு. எல்லாம் பீடத்துக்கு முன்னால். ஆராதனை முடிந்ததும் வெளியே மாமரத்தின் கீழ் ஏலம்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் குழுத் தலைவர் ஜெயனின் கையைப் பிடித்து, “தம்பி, உது எங்கட ஏலமெல்லோ!” என்று கத்தியேவிட்டேன். யாழ்ப்பாணத்திலும் ஸ்காபரோவிலும் நாங்கள் செய்கிறதை அங்கேயும் அப்படியே செய்கிறார்கள்.

ரூத் கொண்டுவந்தது ஒரு மண்ணிறக் கோழி. கால்கள் கட்டியிருந்தன. ரூத்துக்கு அறுபது வயது இருக்கும். காலில் செருப்பு இல்லை. விடியவே புறப்பட்டு நடந்து வந்தவராம். வீட்டில் இருந்த ஒரே கோழியாம். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு இதை எல்லாம் சொல்லச் சொல்ல என் மனம் உருகிவிட்டது. அந்தக் கோழி ஏலத்துக்கு வந்ததும் கையை உயர்த்தினேன். விருந்தாளியோடு யார் போட்டி போடுவார்கள்? கோழி எனக்கே விழுந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு நேரே ரூத்திடம் போனேன். அவர் கையில் வைத்தேன். அவர் வாங்கவில்லை. நான் விடவில்லை. “யூ கீப், யூ கீப்” என்று திணித்தேன். கடைசியில் வாங்கிக்கொண்டு என் முன்னால் முழங்காலில் இருந்தார். கண்ணால் கண்ணீர் வழிந்தது. எங்கள் ரீசேர்ட்காரர்கள் கைதட்டினார்கள். ஊரவர்களும் கொஞ்சம் பொறுத்துத் தட்டினார்கள்.

‘அன்று ஒரு கோழி எனக்கு அன்பைக் கற்பித்தது’ என்று அந்தப் பத்தியை முடித்திருந்தேன். எவ்வளவு அழகான வரி, பார்த்தீர்களா!

இனி, காருக்குள் நான் கேட்டது.

ரூத்துக்கு எஸ்தர் என்று ஒரே மகள். எஸ்தருக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. நாங்கள் போனபோது அவள் மூன்றாவது முறையாக வயிற்றில் தாங்கியிருந்தாள். ‘இந்தப் பிள்ளையை மட்டும் உயிரோடு தா, என் கோழி உனக்கு’ என்பது ரூத்தின் நேர்த்தி. நேர்ந்தபடியே கொண்டுவந்து பீடத்தில் வைத்தார்.

நாங்கள் திரும்பி வந்து இரண்டு மாதத்தில் எஸ்தருக்குக் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை.

அதற்குப் பிறகு ரூத் தேவாலயத்துக்கு வரவில்லை. துக்கம் ஆறட்டும் என்று பாஸ்டர் பொறுத்திருந்தார். மாதங்கள் போயின. சென்ற கிழமை வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் ரூத் வாய் திறந்திருக்கிறார். பாஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“கடவுள் என் காணிக்கையை ஏற்கவில்லை. எனக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது என்று, விமானத்தில் ஆள் அனுப்பி, எல்லோருக்கும் முன்னால் திருப்பித் தந்துவிட்டார்.”

அந்தக் கோழி இன்னும் அவர் வீட்டில்தான் நிற்கிறதாம். முட்டையும் இடுகிறதாம். அந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை.

கோழிக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி தூரம், பாதை மோசம், எஸ்தரின் உடம்பில் இரத்தம் இல்லை. எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதை ரூத்திடம் போய் யார் சொல்வது? சொன்னால்தான் ஆறுமா?

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு முறை பயோப்ஸி செய்தார்கள். முடிவு வரும்வரை நான் சோறு தின்னவில்லை. வேலைக்குப் போடுகிற காப்பைக் கழற்றி யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பையில் போட்டேன். அடுத்த நாள் யாராவது கதவைத் தட்டி, ‘பாவம், உங்களிடம் இருந்ததே இந்த ஒரு காப்புத்தானே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பித் தந்திருந்தால்? நெஞ்சு வெடித்தே செத்திருப்பேன்.

பீடத்தில் வைத்ததை வைத்தவர் கையில் திருப்பிக் கொடுப்பதில்லை. ஏலத்தில் எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், இல்லையென்றால் மறுபடி ஏலத்துக்கு விடலாம். எனக்குத் தெரியாதா? சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அன்று என் கண்ணுக்கு ரூத் காணிக்கை படைத்தவராகத் தெரியவில்லை. ஏழையாகத்தான் தெரிந்தார்.

கார்க் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். ஜெயன்.

“அக்கா, என்ன காருக்குள்ள இருக்கிறியள்? உங்களைத்தான் தேடித் திரியிறன். ஏலத்துக்கு முதல் ஒரு ரெண்டு நிமிஷம் அந்தக் கோழிக் கதையைச் சொல்லுங்கோ. ஜனவரி ட்ரிப்புக்கு இன்னும் நாலு பேர் வேணும். அதைச் சொன்னாத்தான் ஆக்கள் பேர் குடுக்கினம்.”

“ஜெயன், ரூத்தின்ர மகளுக்குப் பிள்ளை தங்கேல்லையாம்.”

“ஐயோ... பாவம்.” உண்மையாகவே முகம் வாடிவிட்டது. அவர் நல்ல மனிதர். “பிரேயர் லிஸ்ற்றில போடுவம் அக்கா. இப்ப வாங்கோ, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

மீதியை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனேன். மைக்கைக் கையில் தந்தார்கள். மண்டபம் நிறைய முகங்கள். ‘இனி இந்தக் கதையைச் சொல்ல முடியாது’ என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன்.

கதையைச் சொன்னேன். பழைய கதையை, அப்படியே. நடந்து வந்த கால், மண்ணிறக் கோழி, ரூத் முழங்காலில் இருந்தது. அந்த இடத்தில் வழக்கமாகக் கொஞ்சம் நிறுத்துவேன். அன்றும் நிறுத்தினேன். முன் வரிசையில் ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த இடத்திலேயே மூன்று பேர் பயணத்துக்குப் பெயர் கொடுத்தார்கள்.

இத்தனை வருடமாக உங்களோடு கதைக்கிறேன், என்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக ஒன்றை எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்து ஃபோனில் இருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எத்தனையோ பேருக்குப் பெருமையாகக் காட்டிய வீடியோ. ரூத் கோழியைத் தள்ளுகிறார். என் கை திரும்பவும் அவர் பக்கம் தள்ளுகிறது. அவர் மறுபடியும் தள்ளுகிறார். தலையை ஆட்டுகிறார், பாஸ்டரைத் திரும்பிப் பார்க்கிறார், பீடம் இருந்த பக்கம் கையைக் காட்டுகிறார். இதையெல்லாம் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? ஒரு தடவையாவது அவருடைய முகத்தைப் பார்த்தேனா? என்னைத்தான் பார்த்திருக்கிறேன்.

“அன்று ஏன் என்னைத் தடுக்கவில்லை?” என்று பாஸ்டருக்கு எழுதிக் கேட்டேன். “நீங்கள் விருந்தாளிகள். கூரையும் போட்டுத் தந்தீர்கள்” என்று பதில் வந்தது.

அவ்வளவுதான் விஷயம். கொடுக்க வந்தவரிடம் யாரும் பிழை சொல்லமாட்டார்கள். என்ன அநியாயம் செய்தாலும் கைதட்டி, சாப்பாடும் தந்து வழியனுப்பிவிடுவார்கள். நாங்களும் ஊர் வந்து சேர்ந்து சாட்சி சொல்லிக்கொண்டு திரிவோம்.

திங்கட்கிழமை ஜெயனைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன்.  “ஒரு ஆடு வாங்கிக் குடுக்கச் சொல்லுவமே அக்கா? நல்ல பெரிய ஆடா...” என்றார்.

கோபம் வரவில்லை. எனக்கும் முதலில் அதுதானே தோன்றியது. பிழை விட்டாலும் எங்களுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரிகிறது.

ஆடு அனுப்பவில்லை. அனுப்புவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவும் இல்லை. இந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போகும் ரயிலில், தெரியாத முகங்களுக்கு நடுவில், அழுதுகொண்டே போனேன். புதன்கிழமை பாஸ்டருக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். ‘உங்கள் காணிக்கையைத் திருப்பி அனுப்பியது கடவுள் இல்லை. ஒன்றும் விளங்காத நான்தான். என்னை மன்னியுங்கள்’ என்று. அதை ரூத்தின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவருடைய மொழியில் சொல்லும்படி கெஞ்சினேன்.

நேற்றுப் பதில் வந்தது. பாஸ்டர் போயிருக்கிறார், சொல்லியிருக்கிறார். ரூத் முழுவதையும் கேட்டாராம். கோழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகளைப் பற்றியும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

“அப்படியென்றால், திருப்பித் தரும் அளவுக்கு அந்த அம்மாவுக்கு என்மேல் இருந்த கோபம் இப்போது தீர்ந்துவிட்டதா?”

மன்னிப்புக் கேட்கப் போனது நான்... கேட்டது அவர்.