பாவாவின் காவடித் தழும்பு

என் அக்கா புருஷன் ஜம்புலிங்கத்தை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார். பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் தங்கமான மனுஷன்.

ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் திருத்தணி மலைக்குக் காவடி எடுப்பவர். போன வருஷம் இடது பக்கம் கழுத்தெலும்புக்கு மேலே ஒரு கட்டி எழும்பியது. "காவடித் தழும்புடா! எல்லாருக்கும் குடுத்துடுவானா முருகன்?" என்று சட்டையை விலக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தார். அதைப் பார்த்து நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோமே, எங்களைச் சொல்லணும்!

அப்புறம் சிறுநீர் போவதில் தொந்தரவு வந்தது. சென்னையில் சோதித்துவிட்டு, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். சுரப்பிக்குள்ளேயே இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமாம். வெளியே பரவியிருந்தால் அந்த வழி இல்லையாம்.

"உள்ளதான் கீது. வெட்டிப் போட்டுட்டு வர்ற ஆடிக்கு மலை ஏறிடுவேன்" என்று பாவாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துகொள்ளத்தான் பெட் ஸ்கேன். கொஞ்சம் கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். புற்று உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் மருந்து தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

டாக்டரம்மா சுசித்ரா படத்தைக் காட்டினார். சுரப்பி தெரிந்தது. எலும்பில் எதுவும் இல்லை. இடது கழுத்தெலும்புக்கு மேலே மட்டும் இன்னொரு வெளிச்சம்.

"நடுவுல எங்கயும் இல்லாம இவ்ளோ தூரம் தாவி வர்றது அபூர்வங்க. இங்க கட்டி இருக்கறதா நீங்க சொல்லவே இல்லையே?"

"அது காவடித் தழும்புங்க" என்றார் பாவா. அவர் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கட்டியில் ஊசி குத்திச் சோதித்தார்கள். அதேதான். ஆபரேஷன் இல்லை, ஊசியும் மாத்திரையும்தான். முழுசாகப் போகாது, ஆனால் வருஷக்கணக்கில் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா.

ரயில் அரக்கோணம் தாண்டியதும் பாவா என் பக்கம் சாய்ந்தார். பிறகு, "உங்கக்கா தெனமும் என் நெத்தியில விபூதி வச்சிட்டு, இந்தத் தழும்புக்கும் ஒண்ணு வைப்பா. நோவுக்கா வச்சிகினு இருந்தோம்னு தெரிஞ்சா ஒடைஞ்சிடுவா. சொல்லாத மச்சான்" என்றார்.

தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாழாய்ப்போன மனுஷனுக்கு! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்குப் போனதும் நான் சொல்லிவிட்டேன். கன்னியம்மாள் அக்காவிடம் எதை மறைக்க முடியும்? அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு விபூதித் தட்டோடு வந்து பாவா எதிரில் நின்றாள்.

"நோவுன்னாதான்யா இன்னும் சேத்து வைக்கணும். சட்டையக் கயட்டு."

பாவா பித்தான்களைக் கழற்றினார்.